நம்ம சொந்த லாங்குவேஜ்ல கிளாஸ் சின்டாக்ஸ் வைக்கிறது எப்படி?

சின்னதா ஒரு லாங்குவேஜ் எழுதி வேரியபிள், லூப், ஃபங்ஷன் வரைக்கும் ஓட வச்சிட்டீங்கன்னா அடுத்து வந்து நிக்கிற இடம் கிளாஸ்தான், அதாவது டேட்டாவையும் அதை வச்சு வேலை செய்ற ஃபங்ஷனையும் ஒண்ணா கட்டி வைக்கிற அச்சு. அந்த அச்சுலேர்ந்து உருவாகுற ஒவ்வொண்ணும் ஒரு ஆப்ஜெக்ட். உடனே பார்சரை (கோடைப் படிச்சுப் பிரிக்கிற பகுதி) தொறக்காதீங்க, மொதல்ல இதை யூஸ் பண்ணப்போறவங்க எப்படி எழுதுவாங்கன்னு ஒரு நோட்ல எழுதிப் பாருங்க. நான் எங்க ஏரியா ஷேர் ஆட்டோவையே எடுத்துக்கிறேன், வண்ணாரப்பேட்டைலேர்ந்து திருவொற்றியூர் போற வண்டி.

```
வண்டி = ஷேர்ஆட்டோ(6)
வண்டி.ஏத்து(2)
```

ஸ்டெப் 1: ஆப்ஜெக்ட் உருவாக்குறது

ஜாவா, சி பிளஸ் பிளஸ்ல "நியூ"ன்னு ஒரு கீவேர்ட் இருக்கு. பைத்தான்ல கிளாஸ் பேரையே ஃபங்ஷன் மாதிரி கூப்பிட்டா ஆப்ஜெக்ட் வந்துடும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு பைத்தான் வழிதான் ஈஸி, உங்களுக்கும் வேலை கம்மி, ஃபங்ஷன் கால் ஏற்கெனவே பார்சர்ல இருக்கே.

கிளாஸே இல்லாமலும் ஓட்டலாம். 1967லயே சிமுலாங்கிற லாங்குவேஜ்ல கிளாஸ் வந்துடுச்சு, ஆனா 1995ல வந்த ஜாவாஸ்கிரிப்ட் வெறும் புரோட்டோடைப் (தன்கிட்ட இல்லாததை ஒரு ஆப்ஜெக்ட் இன்னொரு ஆப்ஜெக்ட்கிட்ட தேடி எடுத்துக்கிற முறை) வச்சே ஓடுச்சு, கிளாஸ் கீவேர்ட் அதுல 2015லதான் வந்துச்சு.

ஸ்டெப் 2: உள்ள என்ன இருக்கும்

```
கிளாஸ் ஷேர்ஆட்டோ
  சீட்
  ஆள் = 0
  ஸ்டாப் = []
  தொடக்கம்(எத்தனை)
    தன்.சீட் = எத்தனை
  முடி
  ஏத்து(எத்தனை)
    தன்.ஆள் = தன்.ஆள் + எத்தனை
  முடி
முடி
```

இதுல "தொடக்கம்" ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஓடுற ஃபங்ஷன், "தன்"ன்னா அந்த ஆப்ஜெக்ட். ஃபீல்டை (ஆப்ஜெக்ட் உள்ள இருக்கிற சீட், ஆள், ஸ்டாப் மாதிரி வேரியபிள்) எல்லாம் மேலயே எழுத வச்சிருக்கேன் பாருங்க, அதுக்குக் காரணம் இருக்கு. "தன்.ஆள்"னு போடவேண்டிய இடத்துல "தன்.ஆல் = 3"ன்னு தப்பா டைப் பண்ணிட்டா பைத்தான் புதுசா ஒரு ஃபீல்டை உருவாக்கிட்டு அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும், எரரே வராது. மேல லிஸ்ட் இருந்தா "ஆல்னு ஒண்ணும் இல்லையே"ன்னு உங்க லாங்குவேஜ் அங்கேயே நிறுத்திடும்.

ஸ்டெப் 3: "தன்" யாரு?

இங்கதான் நிதானமா யோசிக்கணும், மத்ததெல்லாம் இதைப் பொறுத்துதான். லுவாங்கிற லாங்குவேஜ்ல ரெண்டு குறி இருக்கு, "வண்டி:ஏத்து(2)"ன்னா அது "வண்டி.ஏத்து(வண்டி, 2)"ன்னு அர்த்தம், கோலனுக்குப் பதிலா புள்ளி வச்சிட்டா ஆப்ஜெக்ட் உள்ள போகாது. இப்போ இதைப் பாருங்க:

```
வேலை = வண்டி.ஏத்து
வேலை(2)
```

ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸ்ல இப்படி மெத்தடை (கிளாஸ் உள்ள இருக்கிற ஃபங்ஷன்) பிரிச்சுக் கூப்பிட்டா "திஸ்" (நம்ம "தன்"னுக்கு அங்க அதான் பேரு) காணாமப் போயி எரர் அடிக்கும். பைத்தான்ல ஓடும், ஏன்னா புள்ளி வச்ச நிமிஷமே ஆப்ஜெக்டையும் ஃபங்ஷனையும் ஒண்ணா கட்டிக் குடுத்துடுது. நீங்க இதையே பண்ணுங்கன்னுதான் சொல்வேன், ரொம்பக் கஷ்டமும் இல்ல: புள்ளி வந்தா மொதல்ல ஆப்ஜெக்டோட ஃபீல்ட்ல தேடுங்க, இல்லன்னா கிளாஸோட மெத்தட் டேபிள்ல தேடுங்க, அங்க கிடைச்சா ரெண்டையும் சேர்த்து ஒரே வேல்யூவா திருப்பிக் குடுங்க, கூப்பிடும்போது புது ஸ்கோப்ல "தன்" போட்டுடுங்க.

ஸ்டெப் 4: பார்சர்

பேர் ஒண்ணு படிச்சதும் ஒரு லூப். அடுத்தது புள்ளியா இருந்தா ஃபீல்ட் நோட் (நோடுன்னா பார்சர் கட்டுற மரத்துல ஒரு கணு), அடைப்புக்குறின்னா கால் நோட், ரெண்டும் இல்லன்னா வெளிய வந்துடுங்க. "வண்டி.ஸ்டாப்.சேர்(...)" மாதிரி எவ்ளோ நீளமா போனாலும் இந்த ஒரே லூப் தாங்கும். முடிச்சதும் "=" வந்தா, கடைசி ஃபீல்ட் நோடை எடுத்து செட் நோடா மாத்திக்குங்க.

இன்ஹெரிட்டன்ஸை (ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸ்கிட்டேர்ந்து ஃபீல்ட், மெத்தடை எல்லாம் வாங்கிக்கிறது) இப்போதைக்கு விடுங்க, இதெல்லாம் ஒழுங்கா ஓடுனப்புறம் ஒரே ஒரு பேரன்ட் மட்டும் வச்சு ஆரம்பிக்கலாம்.

ஸ்டெப் 5: டெஸ்ட்

ரெண்டு வண்டி உருவாக்கி, ஒண்ணோட ஸ்டாப் லிஸ்ட்ல மட்டும் டோல்கேட்டைச் சேருங்க. இன்னொண்ணுலயும் டோல்கேட் வந்துச்சுன்னா "ஸ்டாப் = []" வரியை கிளாஸ் படிக்கும்போதே ஒரு தடவை ஓட்டிட்டீங்கன்னு அர்த்தம், ஒவ்வொரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போதும் அது புதுசா ஓடணும்.