சேலத்திலிருந்து குல்மார்க்குக்கு: முதல் பனிச்சறுக்கு விடுமுறையைத் திட்டமிடும் முறை

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஷ்மீரின் ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் ஏற்காட்டில் மார்கழி இரவில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால் போதும், ஸ்ரீநகரில் அதே இரவில் ஏரியின் ஓரம் உறைந்துவிடுகிறது. மலை உயரமாக இருந்தால் மட்டும் பனி பெய்துவிடாது. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதும், மேற்கிலிருந்து ஈரக்காற்று எப்போது வந்து சேர்கிறது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. சேர்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்த நாம், மலை விடுமுறை என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, இரண்டு நாள் தங்கி, நாலு இடம் பார்த்துவிட்டு இறங்குவது என்றே பழகியிருக்கிறோம். பனிச்சறுக்கு விடுமுறையை அந்தக் கணக்கில் திட்டமிடக் கூடாது என்பதே இங்கே நான் முதலில் சொல்ல விரும்புவது. அது ஊர் சுற்றும் பயணம் அன்று, ஒரே சரிவில் ஐந்து நாள் நின்று ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளும் பயணம். காஷ்மீர் முழுவதையும் ஆறு நாளில் சுற்றிவிட்டு, நடுவே ஒரு மணி நேரம் சறுக்குக் கட்டைகளை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புபவர்களுக்குச் செலவு மிஞ்சுமே தவிர வித்தை கைவராது.

இந்தியாவில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பொதுவாக மூன்று இடங்களைப் பற்றி விசாரிப்பார்கள். மணாலியை அடுத்த சோலாங் பள்ளத்தாக்கு பனியைத் தொட்டு விளையாட ஏற்றது, ஆனால் அங்கே சரிவு குறுகியது, கூட்டமோ அதிகம். உத்தராகண்டின் ஔலி அருமையான இடம். நந்தா தேவி சிகரத்தை எதிரே வைத்துக்கொண்டு சறுக்கலாம், அந்த மாநில அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் அங்கே நாள் கணக்கில் பயிற்சி வகுப்புகளும் நடத்திவருகிறது. ஆனால் ஹரித்வாரிலிருந்து மலைப்பாதையில் ஒரு நாள் முழுவதும் பயணம் செய்ய வேண்டும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து ஔலிக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டதால், போவதற்கு முன் பாதை நிலவரத்தை விசாரித்தாக வேண்டும். குழந்தைகளோடு செல்லும் சேலத்துக் குடும்பத்துக்கு நான் குல்மார்க்கையே சொல்வேன். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போல அமைந்திருக்கும் புல்வெளி அது. கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் இடமே குளிர்காலத்தில் கற்றுக்குட்டிகளுக்கான மென்சரிவாக மாறிவிடுகிறது. விழுந்தாலும் உருண்டு போய்விழப் பள்ளம் இல்லை என்பது புதியவர்களுக்குப் பெரிய தைரியம்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதுதான் நமக்குக் கடினமான பகுதி. நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. அப்போது குல்மார்க்கில் கூட்டம் நிரம்பியிருக்கும், பனியோ நிச்சயமில்லை. காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாட்களைச் சில்லை கலான் என்று அழைக்கிறார்கள். கடுங்குளிர் அந்த நாட்களில்தான். பொங்கல் விடுமுறை இதன் நடுவே வந்தாலும், நாலைந்து நாள் விடுமுறையில் போக வர இரண்டு நாள் கழிந்துவிடுகிறது. அந்தக் காலத்திலும் பனி பொய்த்துவிடுவது உண்டு: 2024 ஜனவரியில் பாதி மாதம் கடந்தும் குல்மார்க் புல்வெளி வெறுந்தரையாகக் கிடந்தது, 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே குடியரசு தின நெரிசல் முடிந்த பிறகு, பிப்ரவரியின் முதல் மூன்று வாரங்களுக்குள் ஒரு முழு வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விடுப்பு வாங்குவது தவறில்லை. வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் மட்டும் இந்த ஆண்டை விட்டுவிடலாம். அறையை முன்பதிவு செய்யும்போது, தேதியை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணத்துக்குப் பெரும்பாலோர் பெங்களூரு சென்று அங்கிருந்து விமானத்தில் ஸ்ரீநகர் போகிறார்கள். நேரம் கைவசம் இருப்பவர்கள் சேலம் சந்திப்பிலேயே வாரம் ஒருமுறை வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறி ஜம்முப் பகுதியிலுள்ள கட்ரா வரை போய், 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத் ரயிலில் ஸ்ரீநகரை அடையலாம். எப்படிப் போனாலும் முதல் இரவை ஸ்ரீநகரில் கழியுங்கள். சேலம் 300 மீட்டருக்கும் கீழே இருக்கும் ஊர். அங்கிருந்து ஒரே நாளில் 2,650 மீட்டருக்கு ஏறினால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். மறுநாள் தங்மார்க் வரை சாதாரண வண்டி போகும். அதற்கு மேல் உள்ள 13 கிலோமீட்டருக்குப் பனிக்காலத்தில் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டி வேண்டியிருக்கும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்பதால் வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு நிலவரம் பற்றிய அரசு அறிவிப்புகளைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உடல் தயாரிப்பை ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும். சறுக்கும்போது தொடைத் தசைகள் மடங்கிய முழங்காலைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஏறும்போது பழகும் வலிமை வேறு, இறங்கும்போது தேவைப்படும் வலிமை வேறு. எனவே கந்தாஸ்ரமத்துப் படிகளிலோ ஊத்துமலைப் படிகளிலோ வாரம் மூன்று முறை ஏறி, இறங்கும்போது வேகமாகத் தடதடவென்று வராமல், ஒவ்வொரு படியிலும் முழங்காலை மெல்ல மடக்கி நிதானமாக இறங்குங்கள். வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்தது போல ஒரு நிமிடம் நிற்கும் பயிற்சியும் உதவும். என் மகள் இதை ஒழுங்காகச் செய்தாள். சரிவில் மூன்றாம் நாளும் அவள் கால் சோரவில்லை.

உடுப்பில் நாம் செய்யும் பெரிய பிழை பருத்தி. இந்த ஊரில் பருத்தியை விட்டால் வேறு துணி உடம்புக்கு ஆகாது என்று பழகியிருக்கிறோம். ஆனால் பனியில் வியர்வையில் நனைந்த பருத்தி காயாமல் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழையாலான தெர்மல் உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மென்மையான செயற்கை இழைச் சட்டை, அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும் என்று மூன்று அடுக்காக அணியுங்கள். ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ், சறுக்குக் கட்டைகள் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். தெர்மல், காலுறை, தண்ணீர் புகாத கையுறை, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நம் சித்திரை வெயிலைவிடக் கடுமையாகக் கண்ணைத் தாக்கும். முகத்துக்குச் சன்ஸ்கிரீன் தடவாமல் வெளியே போகாதீர்கள்.

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு ஜோடி நீண்ட காலுறையைச் சுருக்கம் விழாமல் முழங்கால் வரை இழுத்துவிட்டு, தெர்மலின் கீழ்விளிம்பு பூட்ஸுக்குள் மடங்காதபடி பார்த்துக்கொண்டு காலை நுழையுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் பின்வாங்கி விடுபட வேண்டும். குதிகால் எந்நிலையிலும் மேலே எழக் கூடாது. கட்டை உங்கள் மோவாய் உயரம் இருந்தால் போதும். பூட்ஸைக் கட்டையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்று முழங்காலைக் காப்பாற்றும். உடல் எடைக்கு ஏற்ப அதைத் திருகி அமைக்கிறார்கள் என்பதால் எடையைக் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள். மாட்டும்போது பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைக் கோலால் தட்டிவிட்டு, முன்விரல் பகுதியை முதலில் கொடுத்து, பிறகு குதிகாலை அழுத்தினால் ‘டக்’ என்ற ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்காமல் நகரக் கூடாது.

நாங்கள் போன முதல் நாளே, பயிற்சிச் சான்று இல்லாத ஒருவர் எங்களை வழிமறித்து, குறைந்த கூலிக்குக் கற்றுத்தருவதாகச் சொல்லிச் செங்குத்தான இடத்துக்கு அழைத்துப் போய்விட்டார். என் மனைவி விழுந்து மணிக்கட்டில் சுளுக்குடன் அந்த விடுமுறை முழுவதும் அறையிலேயே இருக்க நேர்ந்தது. சான்று பெற்ற பயிற்சியாளரை அறையில் இருந்தபடியே விசாரித்து அமர்த்திக்கொண்டு, நாள் கூலியை முன்பே பேசி முடியுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பெரும்பாலோர் இந்தியும் ஆங்கிலமும் பேசுவார்கள். ‘ஆகே ஜுக்கோ’ என்றால் முன்னே குனி, ‘தீரே’ என்றால் மெல்ல, ‘ருக்கோ’ என்றால் நில். இந்த மூன்றும் தெரிந்தால் பிள்ளைகளும் சமாளித்துக்கொள்வார்கள். முதல் இரண்டு நாளும் கட்டைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகல விரித்து ஆப்பு வடிவில் நிற்கப் பழகுவதிலேயே போகும். அலுக்காதீர்கள், வேகத்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் திரும்புவதும் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

குல்மார்க்கின் கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தி இரண்டு கட்டமாக மேலேறுகிறது: முதல் கட்டம் கோங்டூரி வரை, இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை. கற்றுக்கொள்பவர்கள் இரண்டாம் கட்டத்திலிருந்து சறுக்கி இறங்க நினைக்கவே கூடாது. அந்தச் சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் எப்போதும் உண்டு. 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தனர், அவர்கள் நம்மைப் போலப் புதியவர்களும் அல்லர். பயணக் காப்பீடு எடுக்கும்போதும் பனிச்சறுக்குக் காயம் அதில் அடங்குமா என்று கேளுங்கள். பல காப்பீடுகளில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும்.

அறையில் சூடேற்றும் வசதி எது, வெந்நீர் எந்த நேரம் வரும், சரிவுக்கு நடந்து போகலாமா என்ற மூன்றையும் கேட்டே பணம் கட்டுங்கள். விறகு எரியும் புகாரி அடுப்போ கரி நிரப்பிய காங்கிரியோ இருந்தால், குளிர்கிறது என்று சன்னலை முழுதாக அடைத்துவிட்டுத் தூங்கக் கூடாது; கண்ணுக்குத் தெரியாத நச்சுப்புகை உயிரைக் குடித்துவிடும். சோறு தாராளமாகக் கிடைக்கும், பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போனால் பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். கடலை மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு முன்பே பசி வந்துவிடும். பெரும்பாலான காயங்கள் களைத்துப்போன பிறகு ‘இன்னும் ஒரு முறை’ என்று ஏறும்போதுதான் ஏற்படுகின்றன என்பதால், கால் நடுங்கத் தொடங்கியதும் கட்டைகளைக் கழற்றிவிடுங்கள்.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் காலையிலேயே குல்மார்க்கை விட்டு இறங்கி, கடைசி இரவையும் ஸ்ரீநகரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடும்பனியில் தங்மார்க் பாதை பல மணி நேரம் அடைபடுவதும், விமானங்கள் ரத்தாவதும் அங்கே வழக்கம்; பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும் ரயில் பயணச்சீட்டையும் அதற்கு இடம் விட்டு மறுநாளுக்கே எடுங்கள்.