இலை சுருங்கிய ஆர்க்கிட்டா? முதலில் வேரைப் பாருங்கள்

சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், பூ கொட்டிய சில மாதங்களில் இலை சுருங்கித் தொங்கத் தொடங்கும். பார்த்ததும் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். சிங்கப்பூரில் இதற்குப் பெரும்பாலும் காரணம் வறட்சி அல்ல, வேரழுகல். வேர் போய்விட்டால் எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குத் தண்ணீர் ஏறாது. விற்பனைக்காக வேரைச் சுற்றி இறுக்கித் திணித்த பாசி, நம் ஈரக்காற்றில் நடுப்பகுதி வரை காய்வதே இல்லை.

செடியைத் தொட்டியோடு பத்து நிமிடம் தண்ணீரில் வைத்து, பாசி இளகியதும் பிய்த்தெடுங்கள். காய்ந்த நிலையில் இழுத்தால் நல்ல வேரும் ஒடியும். பிறகு ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழத்து, தோல் உருவி வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வெட்டிவிடலாம். நிறத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். வெளிச்சம் படாத வேர் மஞ்சளாக இருந்தாலும் நல்ல வேராக இருக்கலாம்.

கத்தரிக்கோலைத் தீயில் காட்டி ஆறவிட்டு வெட்டுங்கள். அடுத்த செடிக்குப் போகுமுன் மறுபடியும் சுடவேண்டும், இல்லையென்றால் நச்சுக்கிருமி தொற்றும். வெட்டிய முனையில் மட்டும் சமையலறைப் பட்டைத்தூளைத் தொட்டு வையுங்கள். வேர் முழுதும் தூவினால் நல்ல வேரும் வறண்டுபோகும். பூந்தண்டு இருந்தால் அதையும் நறுக்கிவிடுங்கள், மனம் வராவிட்டாலும். செடியை ஓரிரவு நிழலில் காயவிடுங்கள்.

பக்கவாட்டிலும் ஓட்டையுள்ள, மிஞ்சிய வேர் அடங்கும் அளவுக்கான சிறிய தொட்டி போதும், 10 செ.மீ. அகலம் பெரும்பாலும் சரிவரும். 2 முதல் 3 செ.மீ. கரித்துண்டுகளைத் தூசு போகக் கழுவி நிரப்புங்கள். செடியைக் குச்சியில் கட்டுங்கள், ஆடினால் புதுவேரின் நுனி உராய்ந்து நின்றுவிடும். பிளாஸ்டிக் பையால் மூடி வைக்கும் யோசனை குளிர்நாட்டுக்கானது. இங்கே செடி வெந்துபோகும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் முழு வெயில் கேட்கும். அந்த இடத்தில் இதை வைத்தால் இலை கருகும். கரி காய்ந்த பிறகு, காலையில் தண்ணீர் விடுங்கள். இலைகள் சேரும் நடுக்குருத்தில் நீர் தங்கினால் காகிதத்தால் ஒற்றியெடுங்கள். அடியில் தட்டு வேண்டாம்: வேர் மறுபடி அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

சுருங்கிய பழைய இலை முழுதாக நிமிராது, அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பச்சை நுனியோடு புதுவேர் எட்டிப்பார்க்கிறதா என்பதே கணக்கு. அதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரை உரமே வேண்டாம். பிறகு 20-20-20 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு கரைத்து, வாரம் ஒருமுறை.

இலையில் நீர்கோத்த, நாற்றமடிக்கும் புள்ளி வந்தால் அது பாக்டீரியா அழுகல். நல்ல பகுதியில் 2 செ.மீ. உள்ளே தள்ளி அன்றைக்கே வெட்டி, மற்றச் செடிகளிலிருந்து பிரித்து வையுங்கள். குருத்தே கறுத்துக் கையோடு வந்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

செடி தேறினாலும் பூக்கத் தயங்கும். சில வாரங்கள் குளுமை கிடைத்தால்தான் இது பூந்தண்டு விடும். மூன்று நான்கு புது இலை வந்தபின், இரவில் குளிரூட்டி ஓடும் படுக்கையறைச் சன்னலோரம் வைத்துப் பாருங்கள்.