ஒருவரின் சிரமத்தைச் சமூகவியல் நோக்கில் பார்ப்பது எப்படி?

சமூகவியலைப் புதிதாகப் படிப்பவர்கள் ஒரு பழக்கத்தை மேற்கொள்வது நல்லது: எவருடைய சிரமத்தைக் கண்டாலும், அது அவரை மட்டும் சார்ந்ததா, அவரைப் போன்ற பலருக்கும் பொதுவானதா என்று முதலில் கேளுங்கள். தனிமனிதத் துயரையும் பொதுப் பிரச்சினையையும் இணைத்துக் காணும் இந்தப் பார்வையை அமெரிக்க அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் விளக்கினார்.

பாம்பன் கடலில் விரல்களில் துணியைச் சுற்றி, பாதங்களில் தகடு கட்டிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கும் ஒரு பெண்ணின் வருமானம் குறைந்தால், அவருடைய உழைப்பு போதவில்லை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்ட பின் அவர் தொழில் செய்யும் இடம் எப்படிச் சுருங்கியது, பாசிக்கு விலை வைப்பவர் யார், முன்பணம் கொடுப்பவர் யார் என்று விசாரித்தால்தான் காரணம் விளங்கும்.

அத்துடன் நிறுத்திக்கொள்வது, என் கருத்தில், பாதிப் படிப்புதான். மனிதர் தம் செயலுக்குத் தாமே கொடுக்கும் பொருளை அறிய வேண்டும் என்று ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் வலியுறுத்தினார். ஆகவே கேள்வித்தாளைச் சற்று மூடிவைத்துவிட்டு, எந்தெந்த நாள்களில் கடலில் இறங்குவதில்லை, ஏன் இறங்குவதில்லை என்று அந்தப் பெண்ணையே சொல்லச் சொல்லி, அவர் பேசும் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.