செல் சவ்வை மறந்துவிட்டு செல் வளர்க்காதீர்கள்

சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்துப் பக்கம் பாலிடெக்னிக்கிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்குப் புதுசாக ஒரு கூட்டம் வரும்போதெல்லாம், நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே ஒன்று விடாமல் திரும்ப அடிக்கிறார்கள். கையுறை போடு, மூடியைத் திறந்து வைக்காதே என்பதெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்லிச் சொல்லி உங்கள் மேற்பார்வையாளரே ஓய்ந்திருப்பார். லேபில் செல் வளர்க்கும்போது, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வை மறந்து செய்யும் தப்புகள்தான் இங்கே.

தப்பான பாட்டிலை எடுத்துக் கழுவுவது

செல்லைக் கழுவும் உப்புக் கரைசலான பிபிஎஸ்ஸுக்குப் பதில் டிஸ்டில்டு வாட்டர் போனால், தண்ணீர் சவ்வு வழியே உள்ளே பாய்ந்து செல் வெடிக்கும். பத்து மடங்கு செறிவுள்ள பிபிஎஸ்ஸை நீர்க்காமல் அப்படியே ஊற்றினால் தண்ணீர் வெளியேறிச் சுருங்கும். லேபிளைப் படியுங்கள்.

உருக்கிய செல்லின் மேல் மீடியத்தை மொத்தமாகக் கவிழ்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். செல்லை உறைய வைக்கும்போது அதைப் பனியிலிருந்து காக்க வழக்கமாக 10% டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்க்கிறோம், அது சவ்வைத் தாண்டி உள்ளேயும் போய்விடும். சாதாரண மீடியத்தில், அதாவது செல் வளரும் ஊட்டக் கரைசலில், கரைந்திருக்கும் துகள்களின் செறிவு லிட்டருக்கு 300 மில்லிஆஸ்மோல் அருகில் இருக்கும். உறைய வைத்த கலவையிலோ டிஎம்எஸ்ஓவின் பங்கு மட்டுமே 1,400 சொச்சம். அதன் மேல் 10 மில்லி மீடியத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் வெளியே செறிவு சட்டென்று விழும், உள்ளே விழாது. டிஎம்எஸ்ஓ வெளியேறுவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டு உள்ளே பாயும், செல் உப்பும், தாங்காதது உடையும்.

"அக்கா, டிஎம்எஸ்ஓ செல்லுக்கு ஆகாது, சீக்கிரம் எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டான் ஒரு தம்பி. சொன்னது சரிதான். 37 டிகிரியில் சின்னப் பனித்துண்டு மிஞ்சும்வரை வேகமாக உருக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது. ஆனால் முதல் மில்லி மீடியம் சொட்டுச் சொட்டாகத்தான், குழாயை லேசாக ஆட்டிக்கொண்டே. லேபில் காலகாலமாக வளர்க்கும் ஹீலா என்ற புற்றுநோய் செல் மாதிரி முரட்டு செல் எப்படி ஊற்றினாலும் ஓரளவு பிழைத்துக்கொள்ளும், அதனால் கைக்குக் கெட்ட பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் அவன் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த செல்லை, அதுவும் இருந்த கடைசிக் குப்பியை, உருக்கினான். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மிதந்ததெல்லாம் குப்பை. அவன் குறை சொன்னது இன்குபேட்டரை!

டிரிப்சினுக்கு முன் கழுவாமல் விடுவது

டிரிப்சின் என்பது தட்டில் ஒட்டிய செல்லைக் கிளப்பும் என்சைம். செல்லோடு செல்லைப் பிடித்து வைத்திருக்கும் கேட்ஹெரின் என்ற புரதத்துக்குக் கால்சியம் வேண்டும், மீடியத்திலிருந்து மிஞ்சிய சீரம் வேறு டிரிப்சினை அடக்கிவிடும். கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பிபிஎஸ்ஸால் கழுவுங்கள். அப்புறமும் செல் கிளம்பவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், தட்டைப் போட்டு அடிக்காதீர்கள்.

டிரைபான் ப்ளூ கலந்துவிட்டு தே பெங் குடிக்கப் போவது

செத்த செல்லைக் காட்டிக்கொடுக்கத்தான் டிரைபான் ப்ளூ; சவ்வு கிழிந்த செல்லுக்குள்தான் அந்தச் சாயம் போகும், ஆனால் ரொம்ப நேரம் விட்டால் உயிருள்ளதும் நீலமாகிவிடும். எண்ணிவிட்டுப் போங்கள்.