கூட்டாக நிதி கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

போன மாதம் சில இளைஞர்கள் தங்கள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்று தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஊருணிகளைத் தூர்வாரிக் குடிநீரைக் காக்கும் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் பட்ஜெட்டில் ஒரு வரியைப் பார்த்ததும் பகீரென்றது: வெளிநாட்டு நன்கொடையைத் தலைமை நிறுவனம் வாங்கி, மற்ற இருவருக்கும் பிரித்துக் கொடுக்குமாம். அதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியவன். கடைசித் தேதியைத் தவறவிடுவது, கூட்டல் பிழை எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டுப் பணத்தைக் கைமாற்றுவது

முன்பு இதற்குச் சட்டத்தில் வழி இருந்தது. 2020 செப்டம்பர் 29 அன்று எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) திருத்தம் நடைமுறைக்கு வந்தபிறகு அடைபட்டுவிட்டது. இப்போது 7ஆம் பிரிவின்படி, வெளிநாட்டு நன்கொடை வாங்கிய நிறுவனம் அதை வேறு யாருக்கும் மாற்றித் தரக் கூடாது. வாங்குகிறவரிடம் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் கூடாது.

2021இல் நாங்கள் 2018 விண்ணப்பத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பினோம். நிதி கொடுத்தவர்களும் கவனிக்கவில்லை. முதல் தவணை வந்து, கூட்டாளிகளுக்கு அனுப்பப்போன நேரத்தில் ஆடிட்டர் தடுத்தார். அதற்குள் எங்கள் வார்த்தையை நம்பி, கூட்டாளிகளில் சிறிய நிறுவனம் நான்கு பெண்களை வேலைக்கு எடுத்து, வீடு வீடாகத் தண்ணீர்க் கணக்கெடுப்பைத் தொடங்கியிருந்தது. மூன்று மாதச் சம்பளத்தை அந்த நிறுவனத் தலைவி வைப்புத்தொகையை உடைத்துக் கொடுத்தார். ஒப்பந்தத்தைத் திருத்தி முடிப்பதற்குள் கோடை போய்விட்டது. ஐப்பசி மழையில் ஊருணிகள் நிறைந்தன, தூர்வாரும் வேலை ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்கப்புறம் அந்த அம்மா எங்களோடு எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஆலோசனைக் கட்டணம்னு பேரை மாத்திப் போட்டுடுங்க" என்று இன்றும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டாலே கோபம் வருகிறது. சிக்கல் வந்தால் பதிவை இழப்பது கையெழுத்துப் போட்ட நிறுவனம், யோசனை சொன்னவர் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? எஃப்சிஆர்ஏ பதிவுள்ள ஒவ்வொரு நிறுவனத்தோடும் நிதி கொடுப்பவர் தனித்தனி ஒப்பந்தம் போட்டு, பணத்தை நேராக அதனதன் கணக்குக்கு அனுப்பட்டும். யார் எந்த வேலையைச் செய்வது, எந்த ரசீது யாரிடம் இருக்கும் என்பதற்கு மூவரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். பதிவில்லாத கூட்டாளியின் பங்குக்கு உள்நாட்டுப் பணம் தேடுங்கள். இதையெல்லாம் பட்ஜெட் போடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

உள்நாட்டுப் பணம் என்று சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணத்தின் பக்கம் போனால் அங்கே வேறு வேலி. 2021 ஏப்ரல் முதல், திட்டத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்துக்குச் சிஎஸ்ஆர்-1 பதிவு (மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் செய்வது) கட்டாயம். அதோடு வருமான வரி தொடர்பான 12ஏ (நிறுவனத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகளையும் கேட்பார்கள். கூட்டாளியிடம் இவை இருக்கின்றனவா என்று சான்றிதழை வாங்கிப் பாருங்கள். "இருக்கு" என்ற வாய்ச்சொல் போதாது.

பழைய நிர்வாகச் செலவுக் கணக்கு

எஃப்சிஆர்ஏ பணத்தில் நிர்வாகச் செலவுக்கு 50% வரை இருந்த வரம்பு இப்போது 20%.

மார்ச் மாதப் பணம்

நிதியாண்டு முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டும் என்று சிஎஸ்ஆர் பணம் தரும் கம்பெனிகள் அவசரப்படும். ஊருணி வேலை மார்ச் 31க்குள் முடியாது. பல ஆண்டுத் திட்டமாகவே அதை அங்கீகரிக்கச் சொல்லி முதலிலேயே கேளுங்கள். அப்படிச் செய்தால் மீதிப் பணத்தை அவர்கள் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவிடச் சட்டத்தில் இடம் உண்டு.

ஊரைக் கேட்காமல் எழுதுவது

எழுதாதீர்கள்.

காலாவதித் தேதி

எஃப்சிஆர்ஏ பதிவுக்கு ஆயுள் 5 ஆண்டுதான். அந்த இளைஞர்களிடம் மூன்று சான்றிதழ்களையும் மேசையில் வைக்கச் சொன்னேன். ஒன்று அடுத்த டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிக்க இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை.