ஏலத்தோட்ட வேலையும் மாதவிடாய்த் துணியும்

கம்பம், போடியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், அந்த நாட்களில் மாற்றுத் துணியோ நாப்கினோ குறைந்தது மூன்று கையோடு வைத்திருங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், நீர்க்கடுப்பு வரும்.

துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டு, நுரை போகும்வரை அலசுங்கள். மிச்சச் சோப்பும் அரிப்பைத் தரும்.

காயப்போடுவதில்தான் கோளாறே. ‘தீட்டுத் துணி’ யார் கண்ணிலும் படக்கூடாதென்று பாவாடைக்கு அடியில் மறைத்தால், சாரல் காலத்தில் ஈரம் போகவே போகாது; பூஞ்சை பிடிக்கும். வெயிலில் விரித்துப் போடுங்கள். மழையென்றால் இஸ்திரி போட்டு முழுக்கக் காயவையுங்கள்.

தோட்ட வேலைக்கு மாதவிடாய்க் கப் (உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்ன சிலிக்கான் கிண்ணம்) இன்னும் தோது. காலையில் வீட்டில் வைத்தால் 12 மணி நேரத்துக்குள் வீட்டிலேயே கொட்டிக் கழுவலாம். கையை முதலில் சோப்பால் கழுவுங்கள். மாதவிடாய் முடிந்ததும் 5 நிமிடம் கொதிக்கவையுங்கள். மலைக்கு அந்தப் பக்கம், எர்ணாகுளம் மாவட்டக் கும்பளங்கியில் பெண்களுக்குக் கப் கொடுத்து, 2022-லேயே அதை நாப்கின் இல்லா ஊராக அறிவித்துவிட்டார்கள்.

மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 7 நாள் தாண்டினாலோ டாக்டரைப் பாருங்கள்.