பெயின்டுக்கு முன் துத்தநாக பாஸ்பேட் பூச்சு

பெயின்ட் நன்றாகப் பிடிக்கவும் துருவைத் தடுக்கவும் இரும்பின் மேல் வளர்க்கும் மெல்லிய படிகப் படலம்தான் துத்தநாக பாஸ்பேட் பூச்சு. எண்ணெய் போகாத இரும்புத் தகட்டில் பாஸ்பேட் பிடிக்காது. காரக் கரைசலில் 60 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் முக்கி அலசுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக வழிய வேண்டும். துரு இருந்தால் அமிலத்தில் நீக்கி மறுபடி அலசுங்கள்.

அடுத்து டைட்டானியம் பாஸ்பேட் கரைசலில் 1 நிமிடம். இதைத் தவிர்த்தால் படிகங்கள் பெருத்து, பூச்சு சொரசொரத்து பெயின்டின் பளபளப்பைக் குடித்துவிடும். இடையில் அலசாமல் நேரே பாஸ்பேட் தொட்டிக்கு: சுமார் 50 டிகிரி, 3 நிமிடம். சீரான சாம்பல் நிறம் வரவேண்டும். சதுர மீட்டருக்கு 2 முதல் 4 கிராம் போதும், தடித்தால் பெயின்டோடு பெயரும். மஞ்சளாகத் துரு படர்ந்தால் முதலில் பாஸ்பேட் தொட்டியில் நைட்ரைட் (பூச்சு உருவாவதை வேகப்படுத்தும் உப்பு) அளவைச் சோதியுங்கள்.

கடைசி அலசல் அயனி நீக்கிய (கரைந்த உப்புகளை அகற்றிய) நீரில். உப்பு தங்கினால் பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். 110 டிகிரியில் உலர்த்தி, வெறுங்கை படாமல் அன்றே பெயின்ட் அடியுங்கள்.